நாய்ஸ் முதலில், ஷார்ப்னஸ் கடைசியில்

இந்த முறை நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிப்புள்ளியான பிசிறு) நீக்கம், ஷார்ப்னிங் (ஓரங்களைத் தெளிவாக்குவது) பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கிறேன். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 6400 வரை போகவேண்டியிருக்கிறது. லைட்ரூமில் கலர் வேலையெல்லாம் முடித்து, ஜேபெக் ஆக எக்ஸ்போர்ட் செய்து, அதை நாய்ஸ் நீக்கும் சாஃப்ட்வேரில் போட்டு, அப்புறம் ஷார்ப்பன் செய்யும் சாஃப்ட்வேரிலும் ஒரு முறை போடுகிறேன். முகத்தில் தோலே தெரியாமல் வழவழவென்று ஆகிவிடுகிறது. பட்டுச்சேலை ஜரிகை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. எந்த வரிசையில் செய்தால் சரியாக வரும்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. நாய்ஸ் நீக்கம் ரா ஃபைலிலேயே (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூல ஃபைல்), முதல் வேலையாக நடக்கவேண்டும். ஷார்ப்னிங்கின் பெரும்பகுதி, படம் எந்த அளவில் போகப்போகிறது என்று முடிவான பிறகு, கடைசியாக. கலர், கிராப், டச்சப் எல்லாம் இவை இரண்டுக்கும் நடுவில்.

காரணம் சென்சாரில் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் உள்ள பேயர் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். இதற்கு டிமொசாயிக் என்று பெயர். ரா நிலையில் நாய்ஸ் அந்தந்தப் பிக்சலோடு நிற்கிறது. டிமொசாயிக் முடிந்ததும் ஒரு பிக்சலின் தப்பான எண் அக்கம்பக்கத்துக்கும் பரவி, இரண்டு மூன்று பிக்சல் அகலமுள்ள புள்ளியாகிவிடும். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் அந்தப் புள்ளிகள் திட்டுத்திட்டாக மாறும். அதற்குமேல் எந்த சாஃப்ட்வேராலும் திட்டு எது, தோலின் துவாரம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும். நெற்றியில் விபூதிப் பட்டையின் பொடிப்பொடியான ஓரம்தான் முதலில் காணாமல்போகும். அடுத்து மல்லிகைச் சரத்தில் இதழ்களின் விளிம்பு. பழைய ஆல்பம் ஒன்றை 100 சதவீதத்தில் பெரிதாக்கி இந்த இரண்டு இடங்களைப் பாருங்கள், எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி செய்யவேண்டியது. முதலில் படங்களைத் தேர்ந்தெடுத்து முடியுங்கள். கழித்துவிடப்போகும் படத்துக்கு நாய்ஸ் நீக்குவது வீண். தேர்ந்தவற்றில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் தோராயமாகச் சரிசெய்யுங்கள். இது வெறும் பார்வைக்காக. இருட்டாக இருக்கும் படத்தில் நாய்ஸ் தெரியாது. சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டு, பிறகு இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்கினால் எல்லாம் வெளியே வந்து நிற்கும்.

அடுத்து நாய்ஸ் நீக்கம். லைட்ரூமிலேயே 2023 ஏப்ரல் முதல் ஏஐ டினாய்ஸ் இருக்கிறது. டிஎக்ஸ்ஓ பியூர்ரா என்ற நாய்ஸ் நீக்கும் சாஃப்ட்வேர் இருந்தால் ரா ஃபைலை நேரடியாக அதில் கொடுத்து, வெளியே வரும் டிஎன்ஜி ஃபைலை (ரா போலவே எடிட் செய்யக்கூடிய ஃபைல் வகை) லைட்ரூமில் சேருங்கள். டோபாஸ் போட்டோ ஏஐ வைத்திருப்பவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. லைட்ரூமிலிருந்து ‘எடிட் இன்’ வழியாகப் போனால் டிமொசாயிக் முடிந்த டிஃப் ஃபைல்தான் போகும். ஃபைல் மெனுவில் ‘பிளக்-இன் எக்ஸ்ட்ராஸ்’ வழியாகப் போனால்தான் ரா போய், டிஎன்ஜி திரும்பி வரும். மூன்றில் எதை எடுத்தாலும் ஒன்றே ஒன்றுதான். ஒன்றில் போட்டதை இன்னொன்றிலும் போட்டால் மறுபடி அதே வழவழப்பு.

அளவு விஷயத்தில் கை அடங்கவேண்டும். லைட்ரூம் டினாய்ஸ் 50 என்ற அளவில் திறக்கும். இன்றைய ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஐஎஸ்ஓ 6400 முகத்துக்கு 30 முதல் 40 போதும். கொஞ்சம் கிரெயின் (பொடிப் புள்ளி) மிச்சமிருப்பது நல்லது. தோல் தோலாகத் தெரிவது அதனால்தான். முடிந்ததும் டீட்டெயில் பேனலில் பழைய நாய்ஸ் நீக்க ஸ்லைடர்களான லூமினன்ஸ், கலர் இரண்டும் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அதே பேனலில் ஷார்ப்னிங் ரா ஃபைலுக்கு அமவுண்ட் 40, ரேடியஸ் 1.0, டீட்டெயில் 25, மாஸ்கிங் 0 என்று தானாகவே ஏறியிருக்கும். இது லென்ஸ், சென்சார் காரணமாக வரும் மெல்லிய மந்தத்தைச் சரிக்கட்ட மட்டும். முகங்களுக்கு அமவுண்ட் 30 முதல் 40, ரேடியஸ் 1.2, டீட்டெயில் 10 முதல் 15, மாஸ்கிங் 60-க்கு மேல் என்று வையுங்கள். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில்தான் ஷார்ப்னிங் ஏறும். கன்னமும் நெற்றியும் கறுப்பாகி, இமை முடியும் மூக்குத்தியும் ஜரிகைக் கோடும் மட்டும் வெள்ளையாக நிற்கும்வரை நகர்த்துங்கள். பியூர்ரா கொடுக்கும் டிஎன்ஜியில் லென்ஸ் ஷார்ப்னஸ் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதற்கு இந்த அமவுண்டை 0 ஆக்கிவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் 10, 15 என்று கூட்டுங்கள்.

பிறகு கலர், கிராப், ஏஐ மாஸ்க், ஃபோட்டோஷாப் டச்சப். டச்சப் முடிந்த ஃபைலை ஷார்ப்பன் செய்யாமல் அப்படியே 16 பிட் டிஃப் ஆகவோ பிஎஸ்டி ஆகவோ சேமித்துவையுங்கள். ஆல்பத்துக்கு ஒரு காப்பி, வாட்ஸ்அப்புக்கு ஒரு காப்பி என்று அதிலிருந்து எடுத்து, அளவைக் குறைத்தபின் அந்தந்தக் காப்பிக்கு மட்டும் ஷார்ப்பன் செய்யுங்கள். நாய்ஸ் இருக்கும்போதே ஷார்ப்பன் செய்வது, துவைக்காத வேட்டிக்கு இஸ்திரி போடுகிற கதை. கறை இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துவிடும்.

ஜரிகை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு ஹாலோ என்று பெயர். லைட்ரூமில் ஒரு முறை, ஷார்ப்பன் சாஃப்ட்வேரில் ஒரு முறை, எக்ஸ்போர்ட்டில் ‘ஷார்ப்பன் ஃபார்’ டிக் இருந்தால் இன்னொரு முறை என்று மூன்று தடவை ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கடைசி ஷார்ப்னிங்கைத் தனி லேயரில் செய்து, பிளெண்ட் மோடை லூமினாசிட்டிக்கு மாற்றி, ஒப்பாசிட்டியை 50, 60-க்கு இறக்குங்கள். ஓரத்தில் கலர் பிசிறாது, கோடும் அடங்கும்.

இன்னொன்று. டோபாஸின் ஆட்டோபைலட், சிறிய முகங்களைக் கண்டால் ‘ரெகவர் ஃபேசஸ்’ என்பதைத் தானாகவே போட்டுவிடும். குரூப் போட்டோவில் பின்வரிசைப் பாட்டியின் முகம் தெளிவாகத்தான் வரும், ஆனால் அது வேறு யாரோ ஒருவருடைய முகமாக இருக்கும். கண்ணும் பல்லும் கணினி வரைந்தவை. மணமக்கள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆல்பத்தை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு குரூப் படத்திலும் அந்த டிக்கைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லைட்ரூமில் டினாய்ஸ் பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்தமுடியவில்லை. சாஃப்ட்வேர் கோளாறா?
– காரைக்குடி வாசகர்

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் திறந்திருப்பது ஜேபெக் ஆக இருக்கவேண்டும். அந்த டினாய்ஸ் ரா ஃபைலுக்கானது. ஜேபெக் படத்துக்கு அதே பேனலில் உள்ள பழைய ஸ்லைடர்கள் இருக்கின்றன: கலர் 25 முதல் 40, லூமினன்ஸ் 15 முதல் 25. அதற்குமேல் போனால் தலைமுடி ஒட்டிக்கொண்டு பட்டையாகிவிடும். இனி எடுக்கும்போது ரா + ஜேபெக் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேடந்தாங்கலில் பறவைப் படம் எடுக்கிறேன், 600 எம்எம் லென்ஸ். நத்தைகுத்தி நாரையின் வெள்ளை இறகு நன்றாக வருகிறது. நீர்க்காகத்தின் கறுப்பு இறகில் மட்டும் நாய்ஸ் கொட்டுகிறது. நீக்கினால் இறகு வரிகளும் போய்விடுகின்றன. வானத்திலும் புள்ளிகள். எவ்வளவு ஷார்ப்பன் செய்யலாம்?
– செங்கல்பட்டு வாசகி

பதில்: ஒளி குறைந்த இடத்தில் நாய்ஸ் கூடுவது இயற்பியல். பிக்சலில் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை N என்றால், அதில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 10,000 துகள் விழும் வெள்ளை இறகில் தடுமாற்றம் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள் மட்டும் விழும் கறுப்பு இறகில் 10, அதாவது 10 சதவீதம். கறுப்பில் இறகு வரியே அந்த 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால்தான் சாஃப்ட்வேர் திணறுகிறது. ஆகவே மருந்து கேமராவிலிருந்தே தொடங்குகிறது. நீர்க்காகத்துக்கு எக்ஸ்போஷரை, வெள்ளைப் பகுதி விவரமின்றி வெளுத்துப்போகாத எல்லைவரை உயர்த்தி எடுங்கள். ஐஎஸ்ஓ ஏறுமே என்று பயந்து 1600-இல் எடுத்து, பிறகு லைட்ரூமில் இரண்டு ஸ்டாப் தூக்கினால் கிடைப்பது 6400-இன் நாய்ஸ்தான், பெரும்பாலும் அதைவிட மோசமாகவே இருக்கும். நேராக 6400-இல் சரியான எக்ஸ்போஷர் கொடுத்துவிடுவது மேல்.

எடிட்டிங்கில் பறவையையும் பின்னணியையும் பிரித்துவிடுங்கள். ரா நிலையில் முழுப்படத்துக்கும் மிதமாக, 30 அளவில் டினாய்ஸ். பிறகு ‘செலக்ட் சப்ஜெக்ட்’ மாஸ்க் போட்டு (பறவையை மட்டும் தானாகத் தேர்ந்துகொள்ளும்), அதைத் திருப்பி, பின்னணிக்கு மட்டும் நாய்ஸ் ஸ்லைடரை 40, 50 என்று ஏற்றி, ஷார்ப்னஸை மைனஸுக்குக் கொண்டுபோங்கள். வானத்தில் காப்பாற்றவேண்டிய நுணுக்கம் எதுவும் இல்லை, தாராளமாகத் துடைக்கலாம். பறவை மாஸ்க்கில் ஷார்ப்னஸ் +20, டெக்ஸ்சர் +10 அல்லது 15. அலகின் ஓரத்திலும் கால் விரலைச் சுற்றியும் மாஸ்க் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று 200 சதவீதத்தில் பாருங்கள். அங்கே பிசகினால் பறவையைச் சுற்றி ஒரு மி.மீ. அகலத்துக்கு மட்டும் பழைய நாய்ஸ் வளையமாக நிற்கும், வெட்டி ஒட்டிய படம் மாதிரி தெரியும்.

எவ்வளவு ஷார்ப்பன் என்பதற்கு முன், மங்கல் எதனால் வந்தது என்று பாருங்கள். கண் மங்கலாகி, அதற்குப் பின்னால் இருக்கும் கிளை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். உடல் தெளிவாக, இறக்கை நுனி மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. பறக்கும் பறவைக்கு 1/2000, சின்னப் பறவையானால் 1/3200. ஷார்ப்பன் சாஃப்ட்வேர்களில் மோஷன் பிளர், லென்ஸ் பிளர் என்று தனித்தனியே இருப்பது இதற்காகத்தான். தவறானதைத் தேர்ந்தால் இறகில் இல்லாத வரிகளை இரட்டைக் கோடாக வரைந்து தரும். சிறிய பிசகைச் சரிசெய்யலாம். ஃபோகஸ் முழுவதும் தவறிய கண்ணை மீட்க முடியாது, அந்தப் படத்தை அழித்துவிடுவதே நேரத்துக்கு நல்லது. போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் மூல ரா ஃபைலைக் கட்டாயம் வைத்திருங்கள். கணினி வரைந்த இறகு, ரா ஃபைலோடு ஒப்பிடும்போது மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு படத்துக்கு டினாய்ஸ் போட எங்கள் லேப்டாப்பில் 8 நிமிடம் ஆகிறது. ஒரு கல்யாணத்தில் 600 படம் கொடுக்கவேண்டும். ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பிவிடுகிறது.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: 600-க்கு 8 நிமிடம் என்றால் 80 மணி நேரம், நடக்காத காரியம். உங்கள் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று ஊகிக்கிறோம். இந்த ஏஐ கணக்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டில்தான் ஓடுகிறது. ரேமைக் கூட்டினால் பெரிய பலன் இருக்காது. 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு இருந்தால் அதே வேலை விநாடிக்கணக்கில் முடியும். வாங்கும்வரை படங்களை ஐஎஸ்ஓ வாரியாகப் பிரியுங்கள். லைட்ரூம் ஃபில்டர் பாரில் மெட்டாடேட்டாவைத் திறந்தால் ஐஎஸ்ஓ வரிசை வரும். 1600-க்குக் கீழே உள்ளவற்றுக்குப் பழைய லூமினன்ஸ் ஸ்லைடர் 10, 15 போதும், நேரமே ஆகாது. 3200-க்கு மேல் உள்ளவற்றில் ஆல்பத்துக்குப் போகும் படங்களுக்கு மட்டும் ஏஐ. அவற்றைச் சேர்த்துத் தேர்ந்து இரவில் ஓடவிட்டுவிடலாம்.

டிஎன்ஜி பெருப்பதற்குக் காரணம், பிக்சலுக்கு ஒரு நிறம் என்றிருந்த ரா, மூன்று நிறமும் நிரப்பப்பட்ட ஃபைலாக மாறுவது. மூன்று மடங்குக்குக் குறையாது என்றே கணக்கு வையுங்கள். லைட்ரூம் கிளாசிக்கை 2025 ஜூனுக்குப் பிந்தைய வெர்ஷனுக்கு மாற்றிக்கொண்டால், டினாய்ஸ் தனி டிஎன்ஜி உருவாக்காமல் மூல ரா மேலேயே வேலை செய்யும். ஆல்பம் டெலிவரி முடிந்தபின் டிஎன்ஜிகளை அழித்துவிடலாம். ரா ஃபைலை அழிக்காதீர்கள்.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் நிலையில் இல்லை. இலவச சாஃப்ட்வேரில் இதைச் செய்ய முடியுமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: தாராளமாக. டார்க்டேபிளில் ‘டினாய்ஸ் புரோஃபைல்டு’ என்ற மாட்யூலைத் திறந்தாலே, உங்கள் கேமரா மாடலும் ஐஎஸ்ஓவும் பார்த்து, ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும் நாய்ஸ் அளவை எடுத்துக்கொள்ளும். நீங்கள் எந்த வரிசையில் கிளிக் செய்தாலும், உள்ளே அது தன் வரிசைப்படி நாய்ஸை முன்னால்தான் செய்யும், ஆகவே வரிசைக் குழப்பமே வராது. ரா தெரபி என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் 5.8 வெர்ஷனிலிருந்து ‘கேப்சர் ஷார்ப்னிங்’ (லென்ஸ் மந்தத்தைச் சரிக்கட்டும் ஷார்ப்னிங்) இருக்கிறது. ரா டேப்பில் டிக் செய்தால் ரேடியஸைத் தானே கணக்கிடும். நாய்ஸ் நீக்கம் டீட்டெயில் டேப்பில். ஒரே ஒரு எச்சரிக்கை: ரா தெரபியில் இவற்றின் பலன் 1:1 பெரிதாக்கினால்தான் திரையில் தெரியும். சின்னதாக வைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று ஸ்லைடரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 12800-இல் ஏஐ சாஃப்ட்வேர்கள் இவற்றைவிட நன்றாகச் செய்கின்றன என்பது உண்மை. 3200 வரை பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: மானிட்டரில் கத்தி போல இருக்கும் படம் ஆல்பத்தில் மந்தமாக வருகிறது. லேப் மேல் தப்பா?
– ஈரோடு வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல்தான். 6000 பிக்சல் அகலப் படத்தை 100 சதவீதத்தில் பார்ப்பது என்றால் 5 அடிக்கு மேல் அகலமான படத்தை மூக்கருகே வைத்துப் பார்ப்பதாகும். ஆல்பத்தில் அதுவே 18 இன்ச்சுக்குள் அடங்குகிறது. திரையில் தெரிந்த மெல்லிய ஓரமெல்லாம் அச்சில் கண்ணுக்கு எட்டாது. இதே காரணத்தால் திரையில் பயமுறுத்தும் நாய்ஸில் பாதி அச்சில் தெரியவே தெரியாது.

12×36 இன்ச் ஷீட்டை 300 பிபிஐ-யில் (ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல்) கணக்கிட்டால் 3600×10800 பிக்சல். ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் என்றால் 12×18, அதாவது 3600×5400. உங்கள் 24 மெகாபிக்சல் படம் 4000×6000. முதலில் 3600×5400-க்குக் குறையுங்கள், அதன்பின் ஃபோட்டோஷாப்பில் அன்ஷார்ப் மாஸ்க்: அமவுண்ட் 80 முதல் 120, ரேடியஸ் 1 முதல் 1.5, திரெஷோல்டு 3. பளபளப்புத் தாளுக்குக் குறைவாக. மேட் தாளில் மை கொஞ்சம் பரவும் என்பதால் கூடுதலாக. 100 சதவீதத்தில் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிற அளவே அச்சுக்குச் சரி. 50 சதவீதத்தில் வைத்து முடிவெடுங்கள். சிறிய படங்களை ஆல்ப டெம்ப்ளேட்டில் போட்டு இழுத்துச் சுருக்குகிறவர்கள், சுருக்கி முடித்தபின்தான் ஷார்ப்பன் செய்யவேண்டும்.

லேபில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: மெஷினில் ஆட்டோ ஷார்ப்னிங் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அமவுண்டைப் பாதியாக்குங்கள். புதிய லேப் என்றால் ஒரே முகத்தை 60, 100, 140 என்று மூன்று அமவுண்டில் ஒரே ஷீட்டில் வைத்து அடித்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

கேள்வி: கேமரா மெனுவில் இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் செய்யலாமா?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: இரண்டு இருக்கும். ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷன் ஜேபெக்குக்கானது; ராவில் எடுப்பவர்கள் மறந்துவிடலாம், ஜேபெக் எடுத்து எடிட் செய்பவர்கள் ‘லோ’வில் வைக்கலாம். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேறு விஷயம். 30 விநாடிப் படத்துக்குப் பிறகு, ஷட்டரை மூடியபடி இன்னொரு 30 விநாடி எடுத்து, சூடான பிக்சல்களை (நீண்ட நேரம் எடுக்கும்போது பொய்யாக ஒளிரும் புள்ளிகளை) கழிக்கும். இது ராவிலும் பலன் தரும். இரவு நகரக் காட்சிக்கு ஆன் செய்யுங்கள். நட்சத்திரத் தடங்களை அடுத்தடுத்து எடுக்கும்போது ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் தடத்தில் இடைவெளி விழும்.

கேள்வி: வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டால் மட்டும் படம் கெட்டுப்போகிறதே?
– மதுரை வாசகர்

பதில்: அவர்கள் சுருக்குவதற்கு முன் நீங்களே சுருக்கிவிடுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு 1080×1350. வாட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் நீளப்பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலாக்கும். அந்த அளவிலேயே எக்ஸ்போர்ட் செய்து, ‘ஷார்ப்பன் ஃபார் ஸ்கிரீன் – ஸ்டாண்டர்டு’ போடுங்கள். இருட்டான பின்னணியில் நாய்ஸ் மிச்சமிருந்தால் அதைச் சுருக்கும்போதுதான் கட்டம் கட்டமாக உடையும். இந்தக் காப்பிக்கு மட்டும் பின்னணியைக் கூடுதலாகத் துடைக்கலாம். வாடிக்கையாளருக்கு முழு ஃபைல் போகவேண்டும் என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.